வெட்டிய பிறகு நான்கு மணி நேரம்: நீலகிரி உள்ளாட்சி மன்றங்களுக்கு ஒரு மீன்கடைக்காரியின் திறந்த மடல்

நீலகிரி மாவட்டத்து நகராட்சி, பேரூராட்சி, ஊராட்சி மன்றங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

கோத்தகிரிக்கும் குன்னூருக்கும் நடுவே ஒரு சின்ன பஜாரில் என் வீட்டுக்காரரும் நானும் மீன்கடை நடத்துகிறோம். எடை போடுவதும் காசு வாங்குவதும் அவர் வேலை. வெட்டுவது நான். 14 வருடமாக என் ஞாயிற்றுக்கிழமைகள் அருவாமனைக்கு முன்னால்தான் போகின்றன. ஊர்ப் பெயரைச் சொல்லவில்லை. சொன்னால் அந்த ஒரு ஊரின் குறையாக மட்டும் இதைப் படித்துவிடுவீர்கள். மலை முழுக்க மீன் வெட்டுகிற எல்லா இடத்திலும் இதுதான் நிலைமை.

நான் கேட்க வந்தது ஒன்றுதான். மீன்கடைக் கழிவைக் குப்பையோடு சேர்க்காதீர்கள். அது புரதம். வெட்டிய நான்கு மணி நேரத்துக்குள் தனியாக எடுத்து, கெடாமல் நிறுத்திவிட்டால் கோழிக்கும் மீனுக்கும் தீவனமாகும். அந்த நேரம் தாண்டிவிட்டால் கரடியைத்தான் கூப்பிடும். எங்கள் மகளிர் குழுவில் 7 பேர் ஒன்றரை வருடமாகச் செய்து பார்த்துவிட்டுத்தான் இதை எழுதுகிறேன்.

ஞாயிறு விடியற்காலை 5 மணிக்கு மேட்டுப்பாளையத்திலிருந்து வண்டி ஏறி வரும். தெர்மாகோல் பெட்டியில் ஐஸ் போட்டு வரும் மீனில் இப்போது பாதிக்கு மேல் வளர்ப்பு மீன். ஆந்திராக் குளத்து ரோகு, கட்லா, அப்புறம் ஜிலேபி, பங்காஸ். முன்பெல்லாம் மத்தியும் அயிலையும்தான் கேட்பார்கள். அவற்றின் விலை நிலையாக இல்லாததால் இப்போது “வளர்ப்பு மீனே போடுங்கக்கா” என்கிறார்கள். நாடு முழுக்கவே அப்படித்தான் ஆகிவருகிறது. 2022-23-இல் இந்தியாவில் கிடைத்த மீன் சுமார் 175 லட்சம் டன். அதில் 131 லட்சம் டன் உள்நாட்டு மீன், அதிலும் பெரும்பகுதி குளத்தில் வளர்த்தது. உலகக் கணக்கிலும் பிடித்ததை விட வளர்த்தது அதிகம் என்று ஆனது 2022-இல்தான்.

இந்த மலைக்கு மீன் வளர்ப்பு ஒன்றும் புதிதல்ல. அவலாஞ்சியில் டிரவுட் குஞ்சு பொரிக்கும் பண்ணை 1907-இல் வந்தது. 1939-இல் இலங்கையிலிருந்து மிரர் கார்ப் கெண்டையைக் கொண்டுவந்து நீலகிரியில் விட்டார்கள். மீனைக் கொண்டுவரவும் வளர்க்கவும் அத்தனை வருடத்துக்கு முன்பே இவ்வளவு மெனக்கெட்ட இடத்தில், வெட்டியபின் பலகையில் மிஞ்சுவதற்கு இன்றுவரை ஒரு டிரம்கூடக் கிடையாது.

அந்தப் பலகையைக் கொஞ்சம் பக்கத்தில் வந்து பாருங்கள். 2 கிலோ ரோகு ஒன்றை எடுக்கிறேன். முதலில் செதில். வாலிலிருந்து தலைப் பக்கமாகச் சுரண்டினால் ஈரச் செதில் தெறித்து முழங்கை வரை ஒட்டும். பிறகு துடுப்பை நறுக்கி, செவுளைப் பிடுங்கி, வயிற்றைக் கீறிக் குடலை எடுப்பேன். பித்தப்பை உடையாமல் வர வேண்டும், உடைந்தால் கறி கசந்துவிடும். குடலோடு ஒட்டி மஞ்சளாகக் கொழுப்பு இருக்கும். குளத்தில் தீவனம் தின்று வளர்ந்த மீனுக்கு அந்தக் கொழுப்பு அதிகம். கட்லாத் தலையை யாரும் விடமாட்டார்கள், குழம்புக்குக் கேட்டு வாங்கிப் போவார்கள். ரோகுத் தலையைப் பாதிப் பேர் வேண்டாம் என்றுவிடுவார்கள். தலையும் போனால் 2 கிலோ மீனில் 800 கிராம் என் பலகையிலேயே தங்கிவிடும். எங்கள் பஜாரில் 5 கடை. பண்டிகை இல்லாத சாதாரண ஞாயிறில் 5 கடையும் சேர்ந்து ஒதுக்குவது 100 கிலோவுக்குக் குறையாது. தட்டு வைத்துப் பல ஞாயிறு எடை போட்டுப் பார்த்த கணக்கு இது.

அந்த 100 கிலோவில் பெரும்பகுதி தண்ணீர்தான். ஆனாலும் 13 முதல் 15 கிலோ வரை சுத்தமான புரதம் இருக்கிறது. கடையில் வாங்கும் சோயாப் புண்ணாக்கில் புரதம் ஏறக்குறைய 45 சதவீதம். அப்படியானால் நாங்கள் ஒரு ஞாயிறில் சாக்கடை ஓரம் கொட்டுவது 30 கிலோ சோயாப் புண்ணாக்கின் புரதத்துக்குச் சமம். இதைத் தெரிந்துகொண்ட அன்று எனக்குச் சாப்பாடு இறங்கவில்லை. என் வீட்டுக் கோழிக்கு நான் காசு கொடுத்துத் தீவனம் வாங்குகிறேன்.

சரி, இப்போது அது எங்கே போகிறது? வாரநாளில் குப்பை வண்டி வருகிறது. ஞாயிறு மதியம் வராது. திங்கள் காலை வரும் வண்டியில் தூய்மைப் பணியாளர் தங்கச்சி ஒருத்தி, கையுறை பாதி கிழிந்த கையோடு, இரவெல்லாம் ஊறி நுரைத்துப்போன குடலைக் கூடையில் வாரிப் போடுகிறாள். அவள் முகத்தைப் பார்க்க எனக்கு வெட்கமாக இருக்கும். வண்டிக்காரர் வாங்க மாட்டேன் என்று சொல்லும் நாளில், எந்தக் கடைக்காரரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார், ஆனால் எல்லோருக்கும் தெரியும், அது பஜாருக்குக் கீழே ஓடைச் சரிவில் இறங்குகிறது. எங்கள் பக்கத்து ஓடையெல்லாம் கடைசியில் பவானியில்தான் சேர்கிறது. மேட்டுப்பாளையத்துக்காரர்கள் எங்களுக்கு ஐஸ் போட்டு மீன் அனுப்புகிறார்கள், நாங்கள் அவர்களுக்குத் தண்ணீரில் குடலை அனுப்புகிறோம்.

சரிவில் கொட்டியது எல்லாம் ஓடைக்குப் போய்ச் சேர்வதும் இல்லை. போன வருடம் மழைக்காலத்தில் எங்கள் குழுவில் ஒரு பெண், காலை ஆறரைக்குக் கொழுந்து பறிக்கப் போகிறவள், தேயிலைக்கு நடுவே ஒற்றையடிப் பாதையில் கரடியைப் பார்த்துவிட்டாள். பத்தடி தூரம். அது அவளைப் பார்க்கவில்லை. தலையைக் குனிந்து, நாங்கள் முந்தின நாள் கொட்டிய இடத்தைத்தான் கிளறிக்கொண்டிருந்தது. கூடையைக் கீழே விட்டு, திரும்பாமல் பின்பக்கமாகவே நடந்து வந்தவள், என் கடை வாசலில் வந்து உட்கார்ந்து அழுதாள். “உங்க மீன் வாசத்துக்குத்தானக்கா அது வருது” என்றாள். என்னிடம் பதில் இல்லை. கரடி மட்டுமா, காட்டுப்பன்றி வருகிறது, தெருநாய் சேர்கிறது, நாயைத் தேடிச் சிறுத்தை வருகிறது. கூண்டு வையுங்கள் என்று மனு கொடுக்கிறோம். கூண்டு வைக்கவேண்டிய நிலைமையை உண்டாக்குகிற குடலை மறுபடி அதே இடத்தில் கொட்டுகிறோம்.

அந்தப் பெண் அழுத வாரம்தான் நான் வழி தேடத் தொடங்கினேன்.

மாடு வளர்ப்பவர்களுக்கு ஊறுகாய்ப் புல் தெரியும். பச்சைத் தீவனத்தைக் காற்றுப் புகாமல் புளிக்க வைத்துச் சேமிப்பது, சைலேஜ் என்பார்கள். மீன் கழிவுக்கும் அதே வேலை, அதே பெயர். பின்லாந்தில் விர்தானென் என்கிற விஞ்ஞானி அமிலம் சேர்த்து மாட்டுத் தீவனத்தைக் கெடாமல் வைக்கும் முறையைக் கண்டார், 1945-இல் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. அதே யோசனையை மீனுக்கும் கொண்டுவந்து, 1940-களின் முடிவிலேயே டென்மார்க்கில் தொழிலாகச் செய்தார்கள். இன்று நார்வேயில் வளர்ப்பு சால்மனை வெட்டும் ஆலைகளில் குடலும் தலையும் ஏறக்குறைய முழுவதும் பயனுக்குப் போகிறது. அவர்களுக்குக் கப்பல் இருக்கிறது, தொட்டி இருக்கிறது என்பீர்கள். முறைக்கு அதெல்லாம் வேண்டாம். மூடியுள்ள நீல பிளாஸ்டிக் டிரம் போதும்.

செய்முறை இதுதான். கழிவைச் சின்னதாக அரைக்க வேண்டும். 10 கிலோவுக்கு 350 கிராம் பார்மிக் அமிலம் சேர்த்து, எல்லா இடத்திலும் படும்படி நன்றாகக் கிளற வேண்டும். புளிப்பை அளக்கும் பி.எச். தாளை நனைத்தால் 4-க்குக் கீழே காட்ட வேண்டும். அவ்வளவு புளிப்பில் அழுகவைக்கும் கிருமிகள் வளராது. ஆனால் மீனின் உடம்பிலேயே இருக்கும் நொதிகள் வேலை செய்து சதையைக் கரைத்துக் கஞ்சியாக்கிவிடும். எங்கள் குழுவில் அதை மீன் கஞ்சி என்றே சொல்கிறோம். சரியாக வந்தால் அழுகல் நாற்றம் இருக்காது. புளித்த மாவு வாசம்தான். அப்படியே மாதக்கணக்கில் நிற்கும், குளிர்பதனம் தேவையில்லை. ஞாயிறு மதியம் குப்பை வண்டி வரவில்லை என்கிற பிரச்சினையே இதில் கிடையாது, பாருங்கள்.

அமிலம் எங்கே கிடைக்கும் என்று கேட்டால், ரப்பர் தோட்டக்காரர்களைக் கேளுங்கள். பாலை உறைய வைக்க அவர்கள் ஊற்றுவது இதே பார்மிக் அமிலம்தான். கூடலூர் வழியாக நிலம்பூர் இறங்கினால் அங்கே கடையில் கேனில் கிடைக்கிறது. ஆனால் அது விளையாட்டுப் பொருள் அல்ல. தோலில் பட்டால் வெந்துவிடும், ஆவி கண்ணையும் மூச்சையும் எரிக்கும். என் இடது மணிக்கட்டில் ஒரு ரூபாய் அளவுக்கு ஒரு தழும்பு இருக்கிறது. கையுறை, கண்ணாடி, காற்றோட்டமான இடம், பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர் இல்லாமல் யாரும் மூடியைத் திறக்கக்கூடாது என்பது இப்போது எங்கள் குழுவின் சட்டம். உங்களிடம் பயிற்சி கேட்கும் முதல் காரணமும் இந்தத் தழும்புதான்.

எங்கள் முதல் டிரம் கெட்டது. அரைக்காமல் தலையை முழுசாகப் போட்டிருந்தோம். எலும்பும் முள்ளும் அமிலத்தை இழுத்துக்கொள்ளும் என்று தெரியாது. மேலே புளித்து உள்ளே அழுகி, மூன்றாம் நாள் மூடியைத் திறந்தபோது பக்கத்து லைன் வீடுகளிலிருந்து ஆட்கள் வந்து சத்தம் போட்டார்கள். அவர்கள் கோபம் நியாயமானது. அடுத்த தடவை தலையைத் தனியாக அரைத்து, அமிலம் கொஞ்சம் கூட்டி, தினமும் தாளில் பார்த்தோம். செதிலை இதில் சேர்ப்பதை நிறுத்திவிட்டோம், அது லேசில் கரையாது. கழுவிக் காயவைத்துத் தனியே சேர்க்கிறோம். அதில் கொலாஜன் என்கிற புரதம் இருப்பதால் வாங்குவோர் உண்டு.

இன்னொரு விஷயம் செய்து பார்த்துத்தான் புரிந்தது. ரோகு, கட்லா மட்டும் போட்ட டிரம் கரைய நாள் எடுத்தது. ஜிலேபிக் குடலும் பங்காஸ் குடலும் கலந்த டிரம் சீக்கிரம் கஞ்சியானது. ஏன் என்று பிறகு படித்துத் தெரிந்துகொண்டேன். ரோகுவும் கட்லாவும் சேர்ந்த கெண்டை இனத்துக்கு இரைப்பை கிடையாது. வாயிலிருந்து நேராகக் குடல். இரைப்பையில் சுரந்து புளிப்பில் வேலை செய்யும் நொதி அதனால் அவற்றிடம் இல்லை. ஜிலேபிக்கும் பங்காஸுக்கும் டிரவுட்டுக்கும் இரைப்பை உண்டு. 14 வருடமாகக் குடலை இழுத்துப் போட்டவளுக்கு, ரோகுக் குடல் மட்டும் ஏன் கயிறு மாதிரி ஒரே அளவாக நீண்டு வருகிறது என்று அன்றைக்குத்தான் விளங்கியது. கடைகள் தனித்தனியே செய்யாமல் எல்லாவற்றையும் ஒரே இடத்தில் சேர்த்துச் செய்தால் நல்லது என்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

அப்புறம் குளிர். சைலேஜ் கரைய 25, 30 டிகிரி சூடு வேண்டும். சமவெளியில் சில நாளில் முடிவது எங்கள் மலையில் மார்கழியில் வாரக்கணக்காகும். தேயிலைத் தொழிற்சாலையில் உலர்த்தி ஓடும் சுவர் ஓரம் நல்ல சூடு இருக்குமே, அங்கே வைக்கலாமே என்று ஒருவர் யோசனை சொன்னார். கூடவே கூடாது. தேயிலை பக்கத்தில் உள்ள வாசத்தையெல்லாம் இழுத்துக்கொள்ளும். ஒரு தடவை மீன் வாசம் ஏறினால் அந்த லாட்டை யார் ஏலத்தில் எடுப்பார்கள்? கருப்பு போர்வீரன் ஈயின் புழுவை வைத்துக் கழிவைத் தின்னவைக்கும் முறையையும் சிலர் சொல்கிறார்கள். கோவைப் பக்கம் அது நல்ல வழி. இந்தக் குளிரில் அந்த ஈ முட்டையிடவே சூடு போட்டுக் கொடுக்க வேண்டும். எங்களுக்குக் கைகொடுத்தது பாலித்தீன் குடில். கொய்மலர் போட்டு, கட்டுப்படியாகாமல் சும்மா விட்ட குடில்கள் இங்கே எத்தனை இருக்கின்றன என்று உங்களுக்கே தெரியும். குழுவில் ஒருவருடைய குடிலில் ஒரு மூலையில் டிரம்மை வைத்தோம். பகலில் உள்ளே இருக்கும் வெக்கை போதுமானது. மழைக்கும் கரடிக்கும் மறைப்பு.

கோழிக்குக் கொடுப்பதற்கு முன் கஞ்சியைக் கொதிக்க வைக்கிறோம். பச்சைக் கெண்டையில் பி1 வைட்டமினை அழிக்கும் ஒரு நொதி இருக்கிறது, கொதித்தால் அது செத்துவிடும், கிருமியும் போகும். ஆறியபின் மேலே மிதக்கும் எண்ணெயை வழித்து எடுத்துவிட்டு, அரிசித் தவிட்டோடு பிசைந்து குடிலுக்குள்ளேயே காயவைத்து, வழக்கமான தீவனத்தில் 5 சதவீதத்துக்கு மேல் போகாமல் கலக்கிறோம். எண்ணெய் எடுக்காமல் போட்ட முதல் தடவை முட்டையில் மீன் வாடை அடித்தது. என் மாமியார் ஆம்லெட்டைத் தட்டோடு தள்ளிவைத்துவிட்டார். எடுத்துவிட்டுப் போட்டபின் வாடை இல்லை. 12 கோழியில் செய்து பார்த்ததை வைத்து நான் பெரிய கணக்குச் சொல்லப் போவதில்லை. தின்கின்றன, முட்டை குறையவில்லை, வாங்கும் தீவனம் குறைந்திருக்கிறது. ஆனால் விற்க வேண்டுமென்றால் என் பேச்சு போதாது, பரிசோதனைத் தாள் வேண்டும். நாமக்கல் கால்நடை மருத்துவக் கல்லூரியில் தீவனத்தைப் பரிசோதிக்கும் கூடம் இருக்கிறது. முட்டைக்குப் பேர்போன அந்த ஊரில் புரதத்துக்கு எப்போதும் கேட்பு உண்டு. அங்கே மாதிரி அனுப்பி, புரதம் எவ்வளவு, சாம்பல் எவ்வளவு, கிருமி உண்டா என்று எழுதி வாங்க ஒரு மகளிர் குழுவால் முடிவதை விட ஒரு மன்றத்தால் சுலபமாக முடியும்.

இங்கே பலர் மீன் அமிலம் செய்கிறார்கள். மீனும் வெல்லமும் சம அளவு போட்டு மூடி வைத்து, தண்ணீரில் கலந்து கேரட்டுக்கும் பீட்ரூட்டுக்கும் தெளிக்கிறார்கள். நானும் செய்திருக்கிறேன், பயிர் நன்றாகவே இருக்கிறது. சென்னையில் உள்ள மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் மீன் சந்தைக் கழிவிலிருந்து பயிருக்கு ‘ஹார்ட்டி பிளஸ்’, குளத்துக்கு ‘பிளாங்க்டன் பிளஸ்’ என்று தயாரித்துக் காட்டியிருக்கிறது. அதையெல்லாம் மதிக்கிறேன். ஆனாலும் என் மனதில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். நல்ல நிலையில் உள்ள புரதத்தை முதலில் வாய் உள்ள உயிருக்குக் கொடுக்க வேண்டும். தீவனத்துக்கு ஆகாதது, நேரம் தாண்டியது, எலும்புக் கசடு, இவை பயிருக்குப் போகட்டும். கோழி தின்றபின் அதன் எருவும் நிலத்துக்குத்தானே வரப்போகிறது. நேராக இலைமேல் தெளித்துவிட்டால் நடுவில் ஒரு முட்டை நமக்கு நஷ்டம்.

தீவனம் என்று வந்துவிட்டால் எல்லாக் கழிவும் ஒன்றல்ல என்பதையும் பிடிவாதமாகச் சொல்கிறேன். பெட்டியிலேயே கெட்டு வந்த மீன், குளத்தில் நோயில் செத்த மீன் டிரம்முக்குள் வரவே கூடாது. ஐரோப்பாவில் நோயில் செத்ததைத் தனி வகையாகப் பிரித்து, உணவுக்கான எந்தப் பிராணிக்கும் கொடுக்காமல் தடுத்திருக்கிறார்கள். வளர்ப்பு மீனின் கழிவிலிருந்து வந்த தீவனத்தை அதே இன மீனுக்குக் கொடுக்கவும் அங்கே தடை. நாமும் ரோகுக் கழிவை ரோகுக் குளத்துக்கு அனுப்பாமல் கோழிக்கும் பன்றிக்கும் அனுப்பலாம். மேட்டுப்பாளையத்தில் பங்காஸ் வளர்க்கும் ஒருவர், கெண்டைக் கழிவு மட்டும் தனியாக வந்தால் வாங்கிக்கொள்கிறேன் என்று ஏற்கெனவே கேட்டிருக்கிறார்.

நொதி சேர்த்து 50, 55 டிகிரியில் வைத்துப் புரதத்தை உடைத்து, 90 டிகிரிக்குச் சூடாக்கி நிறுத்தி, உலர்த்திப் பொடியாக்கும் வழியும் இருக்கிறது. பப்பாளிப் பாலிலிருந்து எடுக்கும் பபெயின் அப்படி ஒரு நொதி. பொடியின் மதிப்பு அதிகம். கொச்சியில் உள்ள மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம் இதிலெல்லாம் வருடக்கணக்காக வேலை செய்திருக்கிறது. ஆனால் கொதிகலன், உலர்த்தி, வேலைக்கு ஆள் என்று பெரிய முதல் வேண்டும். யாராவது வந்து பெரிய இயந்திரத்துக்குத் திட்டம் போட்டுக் காட்டினால், தயவு செய்து முதலில் கேளுங்கள்: கழிவு அந்த இயந்திரத்துக்கு எத்தனை மணி நேரம் கழித்து வந்து சேரும்? அழுகிய குடலைப் புதுசாக்கும் இயந்திரம் உலகத்தில் இல்லை. டிரம் முதலில், இயந்திரம் அப்புறம்.

இதையெல்லாம் எழுதிப் போன வருடம் ஒரு அலுவலகத்தில் கொடுத்தேன். எந்த அலுவலகம் என்பது வேண்டாம். “மீன் கழிவு மக்கும் குப்பையில்தானம்மா வரும், உரக்கிடங்குக்குப் போகட்டும்” என்றார்கள். உரக்கிடங்கில் இருப்பவர்களைக் கேட்டேன். மீன் வந்தால் ஈ மொய்க்கிறது, பன்றி வேலியை முட்டுகிறது, அதனால் ஓரமாகக் குழி தோண்டிப் புதைக்கிறோம் என்றார்கள். காகிதத்தில் மக்கும் குப்பை, நிலத்தில் குழி. 2016-ஆம் ஆண்டுத் திடக்கழிவு விதிகளே தெரு வியாபாரிகூடத் தன் கழிவுக்குப் பாத்திரம் வைக்க வேண்டும் என்று சொல்லியிருந்தன. நாங்கள் வைக்கத் தயார். அந்தப் பாத்திரத்தை எடுத்துப் போக ஒரு கை வேண்டும்.

ஆகவே நான் கேட்பது இவ்வளவுதான். மீன்கடை உள்ள ஒவ்வொரு பஜாரிலும் மூடியுள்ள டிரம் ஒன்று, மீன் கழிவுக்கு மட்டும். பிளாஸ்டிக், நூல், ஐஸ் பை எதுவும் அதில் விழக்கூடாது. பிளாஸ்டிக் பையை மற்ற மாவட்டங்களுக்கு முன்பே நிறுத்திக் காட்டிய மாவட்டம் இது. இங்கே ஜனங்கள் மீன் வாங்கத் தூக்குப்போசி எடுத்து வருகிறார்கள். கடைக்காரரால் ஒரு டிரம்மைச் சுத்தமாக வைக்க முடியாது என்று யாரும் சொல்ல வேண்டாம். ஞாயிறு அன்று மதியத்துக்குள் ஒரு தடவை எடுப்பு. குப்பையைப் பிரிக்கும் உங்கள் வளம் மீட்புப் பூங்காவில் ஒரு மூலை, அல்லது வாடகைக்கு ஒரு பழைய பாலித்தீன் குடில், வேலி பலமாக. ஒரு கறி அரைக்கும் இயந்திரம். அமிலத்தைப் பூட்டி வைக்க ஒரு அலமாரி. குன்னூரில் உள்ள, யுபாசி என்கிற தோட்டக்காரர் சங்கத்தின் வேளாண் அறிவியல் நிலையத்தில் எங்களுக்கும் தூய்மைப் பணியாளர்களுக்கும் ஒரே பெஞ்சில் உட்காரவைத்துப் பயிற்சி. நாகப்பட்டினம் மீன்வளப் பல்கலைக்கழகத்திலிருந்தோ கொச்சியிலிருந்தோ ஒருவரை வரவழைத்துக் கொடுங்கள். பிரதம மந்திரியின் மீன்வளத் திட்டம் 20,050 கோடி ரூபாய் என்று 2020-இல் அறிவித்தார்கள். நான் கேட்பதில் மிகவும் விலை உயர்ந்தது அந்த அரைக்கும் இயந்திரம்தான்.

வேலையை யார் செய்வது என்றால், எங்களுக்குக் கொடுங்கள். மீன் வெட்டும் பெண்களுக்கு வாரத்தில் இரண்டு நாள்தான் வேலை. குடலைக் கண்டு முகம் சுளிக்காத கைகள் எங்களிடம் இருக்கின்றன. கூலியாகக் கொடுத்தாலும் சரி, விற்றதில் பங்காகக் கொடுத்தாலும் சரி, எழுத்தில் கொடுங்கள். வேலை நன்றாக ஓடத் தொடங்கியபின் வெளியிலிருந்து ஒரு ஒப்பந்தக்காரர் வந்து எங்களை வாசலில் நிறுத்திவிடக் கூடாது.

சக கடைக்காரர்களுக்கும் ஒரு வார்த்தை, இதைப் படிப்பீர்கள் என்று தெரியும். மன்றம் செய்யட்டும் என்று உட்கார்ந்திருக்க வேண்டாம். பித்தப்பையையும் செதிலையும் இப்போதே தனியாக எடுங்கள். வெட்டுகிற இடத்துக்குப் பக்கத்திலேயே வாளியை வையுங்கள், தரையில் விழ விடாதீர்கள். கழிவின் மேலும் ஒரு பிடி ஐஸ் போடுங்கள். பெட்டியில் உருகி வீணாகப் போகிற ஐஸ்தான் அது.

எங்கள் பஜாருக்கு மீன் ஏற்றி வரும் வண்டி காலை 11 மணிக்குக் காலிப் பெட்டிகளோடு கீழே இறங்குகிறது. ஓட்டுநர் அண்ணனிடம் பேசியாயிற்று. மூடி இறுக்கமாக இருந்தால் இரண்டு டிரம் வரை மேட்டுப்பாளையத்துக்கு இறக்கித் தருவதாகச் சொல்லியிருக்கிறார். வரும் ஞாயிறு உங்களில் யாராவது ஒருவர் காலை 7 மணிக்கு வாருங்கள். பலகைக்கு முன்னால் ஒரு ஸ்டூல் போட்டு வைக்கிறேன். முதல் ரோகுவிலிருந்து கடைசி மீன் வரை, தராசில் என்ன ஏறுகிறது, வாளியில் என்ன விழுகிறது என்று நீங்களே எழுதிக்கொள்ளுங்கள். பிறகு குடிலுக்குப் போய் டிரம்மின் மூடியைத் திறந்து காட்டுகிறேன். உங்களுக்கும் ஒரு ஜோடி கையுறை வாங்கி வைத்திருக்கிறேன்.

இப்படிக்கு,
மீன் வெட்டும் உங்கள் சகோதரி